பந்தைப் பார்க்காதீர்கள், செட்டரைப் பாருங்கள்: ஆண்கள் நேஷன்ஸ் லீக் வாலிபாலுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

எங்கள் ஊரில் தென்னை மரத்துக்கும் ஈபி கம்பத்துக்கும் நடுவில் நெட் கட்டி ஆடி வளர்ந்தவன் நான். அதனால் வாலிபால் எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். முதல்முறை போலந்து ஆடிய ஒரு சர்வதேச ஆட்டத்தை போனில் முழுதாகப் பார்த்தபோது பத்து நிமிடத்தில் அந்த நினைப்பு போய்விட்டது. ஒருவர் மட்டும் வேறு கலர் ஜெர்ஸி போட்டுக்கொண்டு யாரிடமும் கேட்காமல் உள்ளே வருகிறார், வெளியே போகிறார். சர்வீஸ் போட்ட அடுத்த நொடி ஆளாளுக்கு இடம் மாறி ஓடுகிறார்கள். ஒருவர் சர்வீஸை நேராக நெட்டில் அடிக்கிறார், கூட ஆடுபவர்கள் திட்டாமல் வந்து கை தட்டிவிட்டுப் போகிறார்கள். எங்கள் ஊரில் இப்படிச் செய்திருந்தால் அன்றைக்கு டீக்காசு அவன் தலையில்தான்.

ஆட்டம் அதேதான், அதை எங்கே இருந்து பார்க்க வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. அதைப் பழகிக்கொள்ள எனக்கு இரண்டு சீசன் ஆனது. உங்களுக்கு இரண்டு வாரம் போதும் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன். (பாடப்புத்தகத்தில் கைப்பந்து, இலங்கையில் கரப்பந்தாட்டம், அங்கே அதுதான் தேசிய விளையாட்டும்கூட. மைதானத்தில் எல்லோரும் சொல்வது வாலிபால் என்பதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.)

முதலில், எந்தப் போட்டியைப் பார்ப்பது?

நாடுகளுக்கு இடையிலான ஆண்கள் வாலிபாலில் பெரிய மேடைகள் மூன்று. ஒலிம்பிக்ஸ் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, 12 அணிகள். உலக சாம்பியன்ஷிப் 2025 முதல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, 32 அணிகள். மூன்றாவது வாலிபால் நேஷன்ஸ் லீக், இது ஒவ்வொரு ஆண்டும் நடக்கும். 1990 முதல் 2017 வரை வேர்ல்ட் லீக் என்ற பெயரில் இருந்ததை எடுத்துவிட்டு 2018-ல் இதைக் கொண்டுவந்தார்கள்.

புதிதாகப் பார்ப்பவர்கள் நேஷன்ஸ் லீக்கிலிருந்து தொடங்குவதுதான் நல்லது என்பேன். கௌரவத்தில் ஒலிம்பிக்ஸுக்குப் பக்கத்தில்கூட இது வராது, சில அணிகள் முதல் வாரத்தில் இளம் ஆட்களை வைத்துச் சமாளிக்கவும் செய்யும். ஆனால் ஒரு அணியை நீங்கள் குறைந்தது 12 ஆட்டம் தொடர்ந்து பார்க்கலாம். உலக சாம்பியன்ஷிப்பில் அந்த உத்தரவாதம் கிடையாது. 2025-ல் பிலிப்பைன்ஸில் நடந்ததில் பிரான்ஸ், பிரேசில், ஜப்பான் மூன்றும் குரூப் சுற்றோடு மூட்டை கட்டின. அந்த மூன்றில் ஒன்றை நம்பி உட்கார்ந்திருந்தால் மூன்றே ஆட்டத்தில் உங்கள் உலக சாம்பியன்ஷிப் முடிந்திருக்கும்.

நேஷன்ஸ் லீக்கின் அமைப்பு சுலபம். 2024 வரை 16 அணிகள், 2025 முதல் 18. ஜூன், ஜூலையில் மூன்று ஆட்ட வாரங்கள். ஒவ்வொரு வாரமும் மூன்று ஊர்கள், ஊருக்கு ஆறு அணிகள், புதன் முதல் ஞாயிறுக்குள் ஒவ்வொரு அணிக்கும் நான்கு ஆட்டம். நடுவில் பெண்கள் லீக்கின் வாரங்கள் வரும் என்பதால் ஆண்களுக்கு இடைவெளி கிடைக்கும். மூன்று வாரமும் முடிந்த பிறகு எட்டு அணிகள் இறுதிச் சுற்றுக்குப் போகும், அங்கே காலிறுதியிலிருந்தே தோற்றால் வீடுதான். ஒரே ஒரு சின்ன வில்லங்கம், இறுதிச் சுற்றை நடத்தும் நாடு பட்டியலில் எங்கே இருந்தாலும் அந்த எட்டில் ஒன்றாகிவிடும். 2025-ல் நிங்போவில் சீனா அப்படித்தான் காலிறுதி ஆடியது.

அணி ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள், இன்றைக்கே

நடுநிலையாகப் பார்க்கிறேன் என்று உட்காராதீர்கள், தூக்கம்தான் வரும். இந்தியா இந்த லீக்கில் இல்லை. ஆசிய விளையாட்டில் 1962-ல் வெள்ளியும், ஜிம்மி ஜார்ஜ் ஆடிய 1986 சியோலில் வெண்கலமும் வாங்கிய அணி நம்முடையது. ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தென்கொரியாவை ஐந்து செட்டில் சாய்த்து எங்களைத் தூங்கவிடாமல் செய்ததும் உண்டு. ஆனால் இந்த வட்டத்துக்குள் நுழைய உலகத் தரவரிசையில் ஏறியாக வேண்டும். அதுவரை கடன் வாங்கிய அணிதான்.

என் கடன் போலந்து. வாலிபாலை அங்கே நம் ஊர் கிரிக்கெட் மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள். 2014 உலக சாம்பியன்ஷிப்பின் முதல் ஆட்டத்தை வார்சாவில் கால்பந்து ஸ்டேடியத்தில் வைத்து, அறுபதாயிரத்துக்கும் மேல் ஆட்களை உட்கார வைத்தார்கள். வாலிபாலுக்கு! 2023-லும் 2025-லும் நேஷன்ஸ் லீக் கோப்பை இவர்களுக்குத்தான். வில்ஃப்ரெடோ லியோன் என்று ஒருவர் இருக்கிறார். கியூபாவில் பிறந்து, 17 வயதில் கியூபாவுக்காக உலக சாம்பியன்ஷிப் வெள்ளி வாங்கி, பிறகு போலந்துக் குடிமகனாகி 2019 முதல் இவர்களுக்காக ஆடுகிறார். அவருடைய சர்வீஸைப் பற்றிப் பிறகு தனியாகச் சொல்கிறேன்.

இத்தாலி 2022, 2025 இரண்டு முறையும் தொடர்ந்து உலக சாம்பியன், செட்டர் (அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவர்) ஜியானெல்லியைப் பார்ப்பதற்கென்றே அவர்களுடைய ஆட்டத்தைப் பார்க்கலாம். பிரான்ஸ் டோக்கியோ, பாரிஸ் இரண்டு ஒலிம்பிக் தங்கமும் வாங்கிய அணி. அவர்களுடைய என்கபெத் முதுகுக்குப் பின்னால் பந்தைத் தட்டுவது மாதிரியான வேலைகளை எல்லாம் முக்கியமான பாயிண்ட்டில் செய்து பார்ப்பவர் நெஞ்சை நிறுத்துவார். ஸ்லோவேனியாவின் மொத்த மக்கள் தொகையே சுமார் 20 லட்சம், ஆனால் மூன்று முறை ஐரோப்பிய இறுதிப்போட்டி வரை போயிருக்கிறார்கள். பல்கேரியாவில் நிகோலோவ் அண்ணன் தம்பி இருவர், தம்பி சிமியோன் 18 வயதில் செட்டராக நின்று 2025 உலக சாம்பியன்ஷிப் இறுதிப்போட்டி வரை அணியைக் கொண்டுபோனார், அண்ணன் அலெக்சாண்டர் அடிப்பவர், அப்பா விளாடிமிரும் பல்கேரியாவுக்கு ஆடியவர்.

இதில் எதுவும் மனதில் ஒட்டவில்லை என்றால் ஜப்பானை எடுத்துக்கொள்ளுங்கள். உயரத்தில் மற்றவர்களைவிடக் கம்மி, அதனால் பந்தைத் தரையில் விழவிடாமல் வைத்திருப்பதிலேயே பாதி ஆட்டத்தை ஜெயிக்கிறார்கள். அவர்கள் ஆடினால் ராலிகள் (ஒரு பாயிண்ட் முடியும்வரை பந்து அங்கும் இங்கும் போய்வருவது) நீளமாக இருக்கும், புதிதாகப் பார்ப்பவருக்கு நீளமான ராலிதான் நல்ல வாத்தியார். அனிமே பார்த்து வாலிபாலுக்கு வந்த தம்பி தங்கைகள் எப்படியும் அங்கேதான் போய் நிற்பீர்கள், இஷிகாவா, தகாஹாஷி ரான், நிஷிதா என்று பெயர்கள் ஏற்கெனவே மனப்பாடமாக இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. நீண்ட பட்டியல் ஒன்றைக் கொடுத்துவிட்டு அதிலிருந்து வாரத்துக்கு 14 பேரைத்தான் எடுத்துப் போவார்கள். இத்தாலி, போலந்து கிளப் லீக்குகள் மே மாதம் வரை இழுக்கும், அதனால் முதல் வாரத்தில் பெரிய தலைகளுக்கு ஓய்வு கொடுப்பது வழக்கம். உங்கள் ஆள் இல்லை என்று அணியை மாற்றிவிடாதீர்கள், மூன்றாவது வாரத்தில் வருவார்.

விதி: தேவையானது மட்டும்

25 பாயிண்ட், இரண்டு வித்தியாசம் வேண்டும், மூன்று செட் எடுத்தவர் வெற்றி. ஐந்தாவது செட் வந்தால் அது 15-க்கு. நெட் உயரம் 2.43 மீட்டர். மூன்று தொடுதலுக்குள் பந்தை அந்தப் பக்கம் அனுப்ப வேண்டும், எதிரியின் அடியை நெட்டுக்கு மேல் கை தூக்கி மறிக்கும் பிளாக்கில் கை பட்டது அந்த மூன்றில் சேராது. எங்கள் ஊரில் பாதிச் சண்டை இந்த ஒரு விதிக்காகத்தான் நடக்கும். கோட்டின் ஓரத்தில் பட்டாலும் உள்ளேதான். சர்வீஸ் நெட்டில் பட்டு அந்தப் பக்கம் விழுந்தால் ஆட்டம் தொடரும். சர்வீஸ் யாருடையதாக இருந்தாலும் ராலியை ஜெயித்தவருக்கே பாயிண்ட். "சேஞ்ச்!" என்று கத்திக்கொண்டு 15 பாயிண்ட் கேம் ஆடிய பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கு இதைப் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள், அந்த முறை 1990-களின் கடைசியிலேயே போய்விட்டது.

சந்தேகம் வந்தால் பயிற்சியாளர் வீடியோ சேலஞ்ச் கேட்பார். பந்து உள்ளேயா, விரலில் பட்டதா, நெட்டில் கை பட்டதா என்று ஸ்லோ மோஷனில் காட்டுவார்கள். சேலஞ்ச் சரியாக இருந்தால் கணக்கில் குறையாது, ஒரு செட்டில் இரண்டு முறை தப்பாகக் கேட்டால் அப்புறம் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

இப்போது விஷயத்துக்கு வருவோம்: செட்டர்

டிவியில் பார்க்கும்போது கண் தானாகப் பந்தின் பின்னாலும், கடைசியில் அடிப்பவர் பின்னாலும் போகும். அடி விழுந்ததும் கை தட்டுவோம். ஆனால் அந்த அடி ஜெயிக்குமா தோற்குமா என்பது பெரும்பாலும் அதற்கு ஒரு நொடி முன்னாலேயே முடிவாகியிருக்கும். முடிவு செய்பவர் செட்டர், நம் ஊரில் லிஃப்டர் என்போமே, அவர்தான்.

ஆறு பேரை முதலில் அடையாளம் கண்டுகொள்ளுங்கள். செட்டர் ஒருவர். அவருக்கு நேர் எதிர் மூலையில் ஆப்போசிட், பெரும்பாலும் அணியிலேயே அதிகம் அடிப்பவர். இடது ஓரத்திலிருந்து அடிப்பவர்கள் இரண்டு பேர், இவர்கள் எதிரணியின் சர்வீஸையும் எடுத்தாக வேண்டும். நடுவில் நின்று பிளாக் போடும் நெட்டைகள் இரண்டு பேர், இவர்களை மிடில் என்பார்கள். மிடில் ஆட்கள் பின்வரிசைக்குப் போகும்போது அவர்களுக்குப் பதிலாக வந்து நிற்பவர்தான் அந்த வேறு கலர் ஜெர்ஸிக்காரர், லிபரோ. தரைக்குப் பக்கத்தில் வரும் பந்தை எடுப்பதற்கென்றே இருப்பவர். பிளாக் போகக் கூடாது, நெட் உயரத்துக்கு மேலே பந்தை அடித்து அனுப்பக் கூடாது, சர்வதேச ஆட்டத்தில் சர்வீஸும் போடக் கூடாது. அவர் போவதும் வருவதும் மாற்று ஆட்டக்காரர் கணக்கில் சேராது, அதனால்தான் யாரிடமும் கேட்காமல் திரிகிறார்.

சரி, இனி நான் சொல்கிறபடி மூன்று ஆட்டங்களைப் பாருங்கள்.

முதல் ஆட்டத்தில் முதல் தொடுதலை மட்டும் கவனியுங்கள். சர்வீஸை எடுத்த பந்து நெட்டுக்குப் பக்கத்தில், செட்டர் நகராமலே கைக்கு வருகிறதா, இல்லை அவரை மூன்று நான்கு மீட்டர் பின்னால் ஓடவைக்கிறதா? கைக்கு வந்தால் செட்டரின் பையில் எல்லாச் சீட்டும் இருக்கிறது. மிடிலுக்கு வேகமாக ஒன்று விடலாம், இடது, வலது ஓரங்களுக்கு அனுப்பலாம், நடுவில் பின்வரிசையிலிருந்து பாய்ந்து வருபவருக்கும் கொடுக்கலாம். பந்து விலகிப் போனால் முதலில் செத்துப்போவது மிடிலுக்கான வேகப் பந்துதான், மீதி இருப்பது ஓரத்துக்கு உயரமாகத் தூக்கிவிடுவது மட்டும். அந்தப் பக்கம் இரண்டு மூன்று பேர் கையைத் தூக்கிக்கொண்டு தயாராக நிற்பார்கள். இதை ஒரு செட் முழுக்க கவனித்தால் போதும், அடி விழுவதற்கு முன்னாலேயே "போச்சு" என்றோ "விழுந்தது" என்றோ உங்கள் வாயில் வந்துவிடும்.

இரண்டாவது ஆட்டத்தில் செட்டர். பந்து அவரிடம் வந்துகொண்டிருக்கும்போது அவரையே பாருங்கள், கையை விட்டுப் போன பிறகும் உடனே பந்தின் பின்னால் போகாதீர்கள். முதுகு எப்படி வளைகிறது, குதித்து விடுகிறாரா, நின்றபடி விடுகிறாரா. ஜியானெல்லி மாதிரி ஆட்கள் முன்னால் விடும்போதும் பின்னால் விடும்போதும் உடம்பை ஒரே மாதிரி வைத்திருப்பார்கள், கடைசி நொடி வரை விரல்தான் பேசும். அதோடு இரண்டு மீட்டர் உயரம் என்பதால் சில சமயம் விடுவது மாதிரி போய் அவரே அந்தப் பக்கம் போட்டுவிடுவார்.

மூன்றாவது ஆட்டத்தில் எதிர்ப்பக்கத்து மிடில். இதுதான் எனக்குக் கடைசியாகப் புரிந்த விஷயம். செட்டர் முழு நேரமும் ஏமாற்றப் பார்ப்பது இந்த ஒரு ஆளைத்தான். வேகப் பந்து வருமோ என்று மிடில் அரை நொடி நடுவில் நின்றுவிட்டால், ஓரத்துக்குப் போய்ச் சேரும்போது அவருக்கும் பக்கத்து ஆளுக்கும் நடுவில் ஒரு ஜன்னல் திறந்திருக்கும். அந்த ஜன்னல் வழியாக அடிப்பவர் இறக்கியதும் நாம் "என்னா அடி!" என்கிறோம். அடித்தவர் முதலில் ஓடிப்போய்ச் செட்டரை விரல் நீட்டிக் காட்டுவார், அடுத்த முறை கவனியுங்கள்.

ஏன் எல்லோரும் ஓடுகிறார்கள்?

ஒவ்வொரு முறை எதிரியிடமிருந்து சர்வீஸைப் பிடுங்கும்போதும் அணி கடிகாரச் சுற்றில் ஒரு இடம் நகர வேண்டும். முன்வரிசையில் மூன்று, பின்வரிசையில் மூன்று, வலது பின்மூலையில் இருப்பவர் சர்வீஸ் போடுவார். சர்வீஸ் அடிபடும் நொடி வரைதான் அந்த வரிசையில் நிற்க வேண்டும், அடிபட்டதும் அவரவர் தனக்குப் பிடித்த இடத்துக்கு ஓடலாம். 2025 முதல் சர்வீஸ் போடும் அணிக்கு அந்தக் கட்டாயமும் இல்லை, எடுக்கும் அணிக்குத்தான். ஆனால் எங்கே ஓடினாலும் பின்வரிசைக்காரர் பின்வரிசைக்காரர்தான், மூன்று மீட்டர் கோட்டுக்குள் காலை ஊன்றி எழும்பி நெட்டுக்கு மேலே அடிக்கக் கூடாது, பிளாக்கும் போகக் கூடாது.

இதிலிருந்து வரும் ஒரு கணக்கு ஆட்டம் முழுவதையும் ஆட்டிவைக்கிறது. செட்டர் பின்வரிசையில் இருந்தால் முன்னால் மூன்று பேர் அடிக்கலாம். செட்டரே முன்வரிசைக்கு வந்துவிட்டால் முன்னால் அடிக்க இரண்டே பேர். ஒரு அணி நன்றாக ஆடிக்கொண்டிருந்து திடீரென்று வரிசையாக நான்கைந்து பாயிண்ட் விடுகிறதா, அப்போது செட்டர் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள், பல நேரம் முன்வரிசையில்தான் இருப்பார். இந்த இடத்தில்தான் பயிற்சியாளர் செட்டரையும் ஆப்போசிட்டையும் ஒரே நேரத்தில் வெளியே எடுத்து, பெஞ்சிலிருந்து இன்னொரு செட்டரையும் ஆப்போசிட்டையும் இடம் மாற்றி உள்ளே விடுவார். டபுள் சேஞ்ச் என்பார்கள். இரண்டு பேர் மாறியதில் முன்வரிசையில் மறுபடி மூன்று பேர் அடிக்கக் கிடைத்துவிட்டார்கள். நான் ரொம்ப நாள் அது ஓய்வு கொடுப்பதற்காக என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சர்வீஸை வீணாக்கினால் ஏன் திட்டுவதில்லை?

சொல்கிறேன் என்றேனே, லியோன். கோட்டுக்கு வெகு பின்னால் போய் நிற்பார், பந்தை உயரமாக முன்னால் போட்டு ஓடிவந்து எழும்பி அடித்தால் மணிக்கு 130 கிலோமீட்டரைத் தாண்டும். அந்தப் பக்கம் எடுப்பவருக்கு அரை நொடி இருக்கும், அவ்வளவுதான். எடுத்தாலும் பந்து செட்டர் கைக்குப் போகாது, மேலே சொன்ன கதைதான், மிடில் செத்தார், பிளாக் தயார்.

இப்போது கணக்குப் போடுங்கள். மெதுவாகப் பத்திரமாக சர்வீஸ் போட்டால் எதிரணி பந்தைச் செட்டர் கைக்குக் கொடுத்து, பெரும்பாலான முறை அதே அடியில் பாயிண்ட் எடுத்துவிடும். ஆண்கள் ஆட்டத்தில் அடிப்பவர்கள் அவ்வளவு பலசாலிகள். அதனால் பத்திர சர்வீஸ் என்பது பாயிண்ட்டைத் தாம்பூலத்தில் வைத்துக் கொடுப்பது மாதிரி. பலமாக அடித்து சிலதை வீணாக்கினாலும் லாபம்தான் என்று எல்லா அணிகளும் முடிவெடுத்துவிட்டன. நான்கு செட் ஆட்டத்தில் ஒரு அணி மட்டும் 15, 20 சர்வீஸை வெளியே அடிப்பது சகஜம். முதலில் எரிச்சலாகத்தான் இருக்கும், எனக்கு இன்றைக்கும் 23-23-ல் ஒருவர் நெட்டில் அடித்தால் வயிறு எரியும், காரணம் தெரிந்தும்.

இன்னொரு வகை உண்டு, சுழற்சியே இல்லாமல் உள்ளங்கையால் தட்டிவிடும் ஃப்ளோட் சர்வீஸ். வேகம் குறைவு, ஆனால் காற்றில் அலைபாய்ந்து கடைசியில் எந்தப் பக்கம் சாயும் என்று எடுப்பவருக்கே தெரியாது. ஆள் கோட்டுக்குப் பின்னால் கொஞ்சம்தான் போகிறார் என்றால் பெரும்பாலும் ஃப்ளோட், வெகுதூரம் போனால் பலமான அடி. இதை மட்டும் தெரிந்துவைத்துக்கொண்டாலே பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் முன்கூட்டியே சொல்லி அசத்தலாம்.

புள்ளிப் பட்டியல்

இதில் எல்லோரும் ஒருமுறையாவது ஏமாறுவார்கள். 3-0 அல்லது 3-1 என்று ஜெயித்தால் மூன்று புள்ளி, 3-2 என்றால் ஜெயித்தவருக்கு இரண்டு, தோற்றவருக்கு ஒன்று. ஆனால் பட்டியலில் முதலில் பார்ப்பது புள்ளியை அல்ல, எத்தனை வெற்றி என்பதை. எட்டு ஆட்டம் ஜெயித்து 22 புள்ளி வைத்திருப்பவர், ஏழு ஜெயித்து 24 புள்ளி வைத்திருப்பவருக்கு மேலே இருப்பார். வெற்றி சமமானால்தான் புள்ளி, அதுவும் சமமானால் செட் விகிதம். மூன்றாவது வாரத்தில் ஏழாவது, எட்டாவது இடத்துக்கு நான்கைந்து அணிகள் முட்டிக்கொள்ளும்போது இதெல்லாம் வேலைக்கு வரும். கடைசி இடம் வாங்கியவருக்கு லீக்கிலிருந்தே வெளியேறும் கத்தி தொங்கும் என்பதால் அடியிலும் சுவாரசியம் உண்டு.

இது தவிர உலகத் தரவரிசை தனியாக ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் ஜெயித்தவருக்கு ஏறும், தோற்றவருக்கு அதே அளவு இறங்கும், பலவீனமான அணியிடம் தோற்றால் அதிகமாக இறங்கும். ஒலிம்பிக் இடங்களில் சிலவற்றை அந்தத் தரவரிசை வைத்துத்தான் கொடுக்கிறார்கள், அதனால் இறுதிச் சுற்று வாய்ப்பு போன அணிகூட மூன்றாவது வாரத்தில் உயிரைக் கொடுத்து ஆடும்.

எங்கே, எத்தனை மணிக்கு?

இந்த லீக்கை நடத்தும் வாலிபால் வேர்ல்டின் ஸ்ட்ரீமிங் சேவை ஒன்று இருக்கிறது, காசு கட்ட வேண்டும். காசு கட்டுவதற்கு முன் அவர்களுடைய யூடியூப் சேனலில் சுருக்கங்களை இலவசமாகப் பாருங்கள். ஆனால் சுருக்கம் பார்த்து வாலிபால் கற்க முடியாது என்பது என் அனுபவம், அதில் கடைசி அடியை மட்டும் காட்டி முதல் தொடுதலை வெட்டிவிடுகிறார்கள். ஒரு முழு ஆட்டமாவது பாருங்கள். மூன்று செட்டில் முடிந்தால் ஒன்றரை மணி நேரம், ஐந்துக்குப் போனால் இரண்டரை.

நேரம்தான் பெரிய தலைவலி. ஜப்பானில் ஆட்டம் என்றால் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால், சீனா, பிலிப்பைன்ஸ் என்றால் இரண்டரை, ஆகவே அங்கே மாலை 7 மணி ஆட்டம் நமக்கு மாலை நான்கரைக்கு. போலந்து கோடையில் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால், அங்கே இரவு 8 என்றால் நமக்கு 11.30, அப்படியே தூங்காமல் இருந்துவிடலாம். பிரேசில் எட்டரை மணி நேரம் பின்னால், சிகாகோ பத்தரை.

இந்தக் கடைசி இரண்டில்தான் நான் மாட்டினேன். ரியோவில் புதன்கிழமை இரவு 9 மணி ஆட்டம். எட்டரையைக் கூட்டினால் காலை ஐந்தரை, கணக்கு சரிதான், புதன்கிழமை அலாரம் வைத்து எழுந்து காபி போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். திரையில் காலியான கோர்ட்கூட இல்லை. இன்னொரு முறை கணக்குப் போட்டேன், போனை அணைத்துப் போட்டேன், ஆறு மணிக்கு எழுந்து வந்த அம்மா "யாருக்குடா உடம்பு சரியில்லை?" என்று பதறிக்கொண்டு கேட்டபோதுதான் உறைத்தது, அங்கே புதன் இரவு என்றால் இங்கே வியாழன் காலை. மறுநாள் அதே நேரத்துக்கு எழுந்திருக்க முடியாமல் தூங்கிவிட்டேன் என்பது கூடுதல் தகவல். அட்டவணையில் உங்கள் நேரத்துக்கு மாற்றிக் காட்டும் வசதி இருந்தால் அதை அமுக்கிவிடுங்கள், மனக்கணக்கு வேண்டாம்.

வீட்டுப்பாடமாக ஒரு ஆட்டம்

அடுத்த ஜூன் வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் இத்தாலிக்கும் ஜப்பானுக்கும் நடந்த காலிறுதியைத் தேடிப் பாருங்கள், முழுதாகக் கிடைத்தால் நல்லது. மேலே சொன்ன எல்லாமே அதற்குள் இருக்கிறது.

முதல் இரண்டு செட் ஜப்பானுக்கு, 25-20, 25-23. அந்த இரண்டு செட்டிலும் முதல் தொடுதலைப் பாருங்கள், ஜப்பான்காரர்கள் சர்வீஸை எப்படி எடுத்துக் கொடுக்கிறார்கள் என்று. மூன்றாவது செட்டில் 24-21 வரை வந்துவிட்டார்கள். இன்னும் ஒரே ஒரு பாயிண்ட், அரையிறுதி. இங்கே கொஞ்சம் நிறுத்திவிட்டு இரண்டு பக்கத்து செட்டர்களும் எந்த வரிசையில் நிற்கிறார்கள், யார் சர்வீஸ் என்று பார்த்துவிட்டு, அப்புறம் ஓடவிடுங்கள். இத்தாலி அந்த செட்டை 27-25 என்று எடுத்தது. அடுத்ததை 26-24. ஐந்தாவதை 17-15. மூன்றுமே இரண்டே இரண்டு பாயிண்ட் வித்தியாசம்.

ஆட்டம் முடிந்ததும் ஐந்து செட்டையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். ஜப்பான் 114, இத்தாலி 113. ஒரு பாயிண்ட் கூடுதலாக எடுத்த அணி வீட்டுக்குப் போனது.